உங்கள் வீட்டில் காய் நறுக்குபவர் யார்?

மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில் நம் கையில் பல தாள்கள் வந்து சேர்கின்றன. எந்த மாத்திரை எந்த வேளைக்கு, உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அடுத்த பரிசோதனை எப்போது என்பன எல்லாம் அவற்றில் இருக்கும். உணவு ஆலோசகர் நம்மை உட்காரவைத்து, எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துரைப்பார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "உங்கள் வீட்டில் இனிக் காய் நறுக்கப்போகிறவர் யார்? எந்தக் கத்தியால்?" இக்கேள்வி கேட்கப்பட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை என் இடக்கை ஆள்காட்டி விரலின் நுனியில் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

நான் மூலக்கொத்தளத்துக்காரன். தாளமுத்து, நடராசன் நினைவிடம் அமைந்துள்ள இடுகாட்டுக்கு அண்மையில் என் வீடு. துறைமுகப் பகுதியின் பணிமனை ஒன்றில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உளி மழுங்கிவிட்டால் அந்த உளியைத் தொடக்கூடாது என்பது நான் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்ற பாடம். மழுங்கிய கருவியோடு வேலை செய்பவனை மேற்பார்வையாளர் அந்த இடத்திலேயே நிறுத்தி, சாணைக்கு அனுப்பிவிடுவார். அப்படிப் பழகிய நான், என் வீட்டு அடுக்களையில் கிடந்த கத்தியை ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. அது என் மனைவியின் பொறுப்பு என்று இருந்துவிட்டேன். அக்கத்தி வாங்கிய நாளிலிருந்து சாணையைக் கண்டதில்லை என்பதை அவள் நோயுற்ற பிறகே அறிந்துகொண்டேன்.

அவளுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடாமல் இருக்க, காய்களின் தோலைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் புதிய நீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். இந்த முறை எல்லோருக்கும் உரியதன்று. யாருக்குத் தேவை என்பதை அவரவர் மருத்துவரே முடிவு செய்வார். நான் கவனித்தது வேறொன்று. துண்டுகள் எவ்வளவு சிறியவையோ, அவ்வளவுக்குப் பொட்டாசியம் நீரில் இறங்கும். ஆக, நோய் வந்தவுடன் எங்கள் வீட்டில் நறுக்கும் வேலை மூன்று மடங்கானது. அந்த வேலையைச் செய்துவந்த கையோ படுக்கையில் இருந்தது. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. நீரிழிவு வந்தால் சோறு குறைந்து காயும் கீரையும் கூடுகின்றன. பக்கவாதத்தில் விழுங்க இயலாதவருக்கு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் குழைக்க வேண்டியிருக்கிறது. நறுக்கத் தெரிந்தவர் படுத்துவிட, நறுக்கியறியாத கணவனோ, பள்ளிக்குச் செல்லும் மகளோ, இரவுப் பணி முடிந்து வந்த மகனோ அந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். தூக்கமில்லை, கவலை வேறு. கையில் இருப்பது மழுங்கிய கத்தி.

என் விபத்து ஒரு கேரட்டால் நேர்ந்தது. உருண்டு ஓடும் காயை எவர்சில்வர் தட்டின்மேல் வைத்து அழுத்தினேன். கத்தி இறங்கவில்லை. மேலும் அழுத்தினேன். காயின் வழவழப்பான மேற்பரப்பில் கத்தி சறுக்கி, விரல்நுனியின் சதையைச் சாய்வாகச் சீவிக்கொண்டு போயிற்று. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மாள் நல்லெண்ணத்தோடு ஒரு கைப்பிடி காப்பித்தூளை அதில் அப்பினார். மருத்துவமனையில் அந்தத் தூளைக் கழுவி எடுக்கும்போதுதான் நான் உண்மையில் அலறினேன். விரல் ஆறுவதற்குச் சில வாரங்களாயின. அந்த வாரங்களில் என் மனைவிக்கு யார் சமைத்தார்கள் என்பதை இங்கே எழுதினால் சிலருக்குச் சங்கடமாகும், விட்டுவிடுகிறேன்.

கட்டுப் பிரிக்கும்போது இளம் மருத்துவர் ஒருவர் சொன்ன செய்தி எனக்கு வியப்பளித்தது. விரல்நுனி சாய்வாகத் துண்டிக்கப்பட்டு எலும்பு தெரியும் நிலையில், அதே விரலின் பக்கவாட்டுத் தோலை, அதற்குரிய இரத்தக் குழாயும் நரம்பும் அறுபடாமல், முக்கோண வடிவில் விடுவித்து முன்னே நகர்த்தி நுனியை மூடும் ஒரு முறை உண்டு. நரம்பும் உடன் வருவதால் நுனியில் உணர்ச்சி நிலைக்கும். உலகெங்கும் கை அறுவைச் சிகிச்சை வல்லுநர்கள் கையாளும் இம்முறையைப் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமியும் என். சுப்பிரமணியனும் 1980-ஆம் ஆண்டு அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை இதழொன்றில் எழுதி அறிவித்தார்கள். வெங்கடசுவாமி, கைக்கென்றே ஒரு தனித் துறையை ஸ்டான்லி மருத்துவமனையில் வளர்த்தெடுத்தவர். எங்கள் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்த அந்த ஸ்டான்லி, மூலக்கொத்தளத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் அச்சகங்களும் சூழ்ந்த வடசென்னையில் கைக்கு ஒரு தனித் துறை எழுந்தது பொருத்தமே. எந்திரத்தில் சிக்கிய எத்தனையோ கைகளை அங்கே மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கேரட்டுக்காக நாம் அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

கூரான கத்தியே ஆபத்தானது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "கத்தி ரொம்பக் கூர்மையா வேண்டாங்க, கையை வெட்டிடும்" என்று சாணை பிடிப்பவரிடம் சொல்லும் பெண்களை நானே கேட்டிருக்கிறேன். இது தலைகீழான எண்ணம். கூரான விளிம்பு காயின் தோலில் பட்டவுடன் கடித்துப் பிடிக்கும். சிறிய அழுத்தமே போதும். கத்தி நாம் நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த இடத்தில் நிற்கும். மழுங்கிய விளிம்பு பிடிப்பதில்லை. அதனால் நாம் வலுவைக் கூட்டுகிறோம். அந்த வலுவெல்லாம் கத்தி சறுக்கும் நொடியில் விரல்மேல் பாய்கிறது. வெட்டும் நேராக விழாமல் கிழிசலாக விழுகிறது. காசிமேட்டில் மீன் வெட்டுபவர்களைச் சற்று நின்று பாருங்கள். வஞ்சிரத்தையும் சங்கராவையும் நாளெல்லாம் வெட்டுகிறார்கள். அரிவாள்மனையின் அலகு பளபளக்கிறது. சற்றே தயங்கினாலும் உடனே கல்லை எடுத்துத் தீட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கை தப்புவதற்குப் பழக்கம் பாதி காரணம், கூர்மை மறுபாதி.

கத்தி வாங்குவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழெட்டுக் கத்திகள் அடங்கிய அழகிய பெட்டி தேவையில்லை. விரல் நீளத்தைவிடச் சற்று நீண்ட அலகுள்ள சிறு கத்தி ஒன்று, தோல் சீவவும் பழம் நறுக்கவும். 15 முதல் 18 சென்டிமீட்டர் அலகுள்ள பெரிய கத்தி ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும். மீனும் இறைச்சியும் சமைக்கும் வீடாயின் அவற்றுக்கென்று மூன்றாவது ஒன்று. அலகின் வால் கைப்பிடிக்குள் முழு நீளமும் ஓடி, ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள்; அடுக்களையில் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

இரும்பா, எவர்சில்வரா என்று கேட்பார்கள். கொல்லுப்பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி எளிதில் கூரேறும். ஆனால் எலுமிச்சையும் புளியும் பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் அது ஒரே இரவில் சிவந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-இல் துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்ற உலோகத்தைத் தேடியபோது உருவாக்கியது. அந்த எஃகில் செய்த முதல் கத்திகளைப் பார்த்து, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவ்வூர்க் கத்தித் தொழிலாளரே அவரைக் கேலி செய்தார்களாம். இன்று அப்படியில்லை. நோயாளி உள்ள வீட்டில், பராமரிக்க நேரம் குறைவென்பதால், நல்ல எவர்சில்வர் கத்தியே ஏற்றது என்பேன். அரிவாள்மனையை நான் குறை சொல்லமாட்டேன். என் தாயார் அதில்தான் ஆயுள் முழுவதும் நறுக்கினார். ஆனால் அதற்குத் தரையில் குந்தி உட்கார வேண்டும், இரு கைகளும் அலகை நோக்கிச் செல்ல வேண்டும். மூட்டுவலிக்காரருக்கும் புதிதாகப் பழகுபவருக்கும் அது உகந்ததன்று. வேலை முடிந்ததும் அதைச் சுவரோரம் விரித்தபடி விட்டுவிடுவது பெருந்தவறு.

பலகையின்மேல் வைத்து நறுக்குங்கள். மரப்பலகையும் பிளாஸ்டிக் பலகையும் நல்லவை. எவர்சில்வர் தட்டு, கிரானைட் மேடை, கண்ணாடி ஆகியவை கத்தியின் கூரை ஒரே நாளில் தின்றுவிடும். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் அது நகராது. உருளும் காயை முதலில் நீளவாக்கில் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள்; என் கேரட்டை நான் அப்படி வைத்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். எதையும் உள்ளங்கையில் வைத்து வெட்டாதீர்கள். மேலை நாடுகளில் வெண்ணெய்ப் பழத்தின் கொட்டையைக் கையில் வைத்துக் குத்தி எடுக்கப்போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொள்வோர் பெருகியதால், மருத்துவர்கள் அதற்கு 'அவகேடோ கை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது சித்திரை, வைகாசியில் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டும்போது நேர்கிறது.

இனி, தீட்டுவது. இதில் எனக்குச் சற்று உரிமை உண்டு என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நயமாகவும் உள்ள தீட்டுக்கல் இரும்புக்கடையில் கிடைக்கும். அதை நீரில் நனைத்து, ஈரத்துணியின்மேல் அசையாமல் வையுங்கள். கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள்; அதில் பாதி சாயுங்கள்; மீண்டும் அதில் பாதி; இன்னும் சிறிது. ஏறத்தாழ 15 முதல் 20 பாகைக் கோணம் கிடைக்கும். அக்கோணத்தை மாற்றாமல், கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை கல்லின் நீளத்துக்கு இழுங்கள். ஒரு பக்கத்தைப் பத்துப் பதினைந்து முறை தீட்டியபின் மறுபக்கத்து விளிம்பில் மிக மெல்லிய பிசிறு எழும். அதைக் கட்டைவிரலால் குறுக்கே, முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் தடவி உணரலாம். விளிம்பின் நீளத்துக்கு விரலை ஓட்டக் கூடாது. பிசிறு எழுந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. கத்தியைத் திருப்பி அதே போல் செய்து, பிறகு நயமான பக்கத்தில் இருபுறமும் மாற்றி மாற்றி மெல்ல இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். அவசரத்துக்குக் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துவையுங்கள். அடிவட்டத்தில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் சில இழுப்பு இழுத்தால் இரண்டு நாளைக்குத் தாங்கும். தக்காளியின் தோல் அழுத்தமில்லாமல் பிளந்தால் கூர் போதும்.

இயலாதவர்கள் தெருவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் சாணைக்காரரிடம் கொடுங்கள். அத்தொழிலில் இருப்போர் குறைந்துவருகிறார்கள், வந்தால் விட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும் கூடவே நின்று பாருங்கள். தீப்பொறி பூவாகச் சொரிவது பார்க்க அழகுதான், ஆனால் அலகு சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நில்லாது. "அண்ணே, தண்ணியில நனைச்சு நனைச்சுப் பிடிங்க" என்று சொன்னால் அவரே மகிழ்வார். தொழில் தெரிந்தவர்கள் சொல்லாமலே செய்வார்கள்.

கத்தியை மற்றப் பாத்திரங்களோடு சோப்பு நுரைக்கடியில் போடாதீர்கள். கை விட்டுத் துழாவுகிறவருக்கு அது தெரியாது. பயன்படுத்தியவரே உடனே கழுவி, துணியால் முதுகுப்புறமாகப் பிடித்துத் துடைத்து, உறையிலோ தாங்கியிலோ வைக்க வேண்டும். மேடை விளிம்பிலிருந்து கத்தி நழுவினால் அதைப் பிடிக்கப் போகாதீர்கள். காலை விலக்கிக்கொள்ளுங்கள், கத்தி விழட்டும்.

நோயாளியே நறுக்க விரும்பினால் என்ன செய்வது? தடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும். நீண்ட நாள் நீரிழிவாலோ புற்றுநோய் மருந்துகளாலோ விரல் மரத்துப்போனவருக்கு வெட்டு விழுந்ததே தெரியாமல் போகலாம். அவர்கள் வெளிச்சமான இடத்தில், கண்ணால் பார்த்துக்கொண்டே நறுக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாயை இணைத்திருப்பவர் அந்தக் கையைக் கத்தியின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குப் பச்சை மீன் வெட்டிய கத்தியாலும் பலகையாலும் வெள்ளரிக்காய் நறுக்குவது, விரலை வெட்டிக்கொள்வதைவிடப் பெரிய கேடு. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கு, காயைக் குத்தி நிறுத்தத் துருவேறாத இரண்டு ஆணிகள் பதித்த பலகை உண்டு. செயல்முறைச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். பெரிய செலவில்லை, எங்கள் தெருவில் ஒருவருக்கு நானே செய்து கொடுத்தேன். மறதி நோய் உள்ளவரோ, மனம் மிக நொந்திருப்பவரோ வீட்டில் இருந்து, கூரான பொருள்களைப் பூட்டி வைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், கத்தியைப் பற்றி இங்கே நான் சொன்ன மற்றவற்றைவிட அந்தச் சொல்லே முதன்மையானது.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டுப்பட்டால், ஓடும் குழாய்நீரில் கழுவி, தூய துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று இடையிடையே எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்பதில்லை. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். விரல் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலும், விரல்நுனி மரத்திருந்தாலும், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலும் வெளிக்காயம் சிறிதென்று இருந்துவிடாதீர்கள். உள்ளே நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம். விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு நீர் புகாமல் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். துண்டு நேராகப் பனிக்கட்டியில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு என் வேண்டுகோள் சிறியது. வீடு திரும்பும் நாளில் தரும் அந்தத் தாள்களில், உணவுப் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்க்க இடமிருக்கும். நறுக்கப்போகிறவரை நோயாளியோடு உட்காரவைத்து, ஐந்து நிமிடம் செலவிட்டால், ஒரு வீட்டில் இரண்டாவது நோயாளி உண்டாகாமல் தடுக்கலாம்.

என் மனைவி இப்போது எழுந்து நடமாடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கல்லை எடுத்து உட்கார்ந்தால், அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பாள். சென்ற வாரம் தீட்டி முடித்துக் கொடுத்ததும், ஒரு தக்காளியை எடுத்து அறுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் நீங்க வேலைக்குப் போனப்ப இந்தக் கல்லு எங்கேங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் நறுக்கத் தொடங்கினாள்.